சூன் ஹொக்கின் தோல் வார்

சாகப்போகிற மனிதன் கைக்கடிகாரத்துக்குப் புது வார் வாங்குவதில் சட்டப்படி குற்றம் ஏதுமில்லை. நுரையீரல் இரண்டும் இனித் தேறாது என்று டாக்டர் கைவிரித்த மறுநாள் காலை, ஊய் சூன் ஹொக் ஆக்சிஜன் உருளையை மருமகள் பெக் லானிடம் இழுக்கக் கொடுத்துவிட்டு, சௌராஸ்தா சந்தைக்குப் பின்னால் இருக்கும் சியாவின் கடிகாரக் கடைக்கு நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கடை வாசல்களில் தூணுக்குத் தூண் நின்று போய்ச் சேர்ந்தார்.

ஆயுள் முழுக்க மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைத்தவர் அவர். உப்புத் தண்ணீரில் தோல் வார் ஊறி அழுகிவிடும் என்பதால் கையில் எப்போதும் ரப்பர் வார்தான். ஏலம் எழுத வரும் குமாஸ்தாக்கள் தோல் வார் கட்டியிருப்பார்கள். தோல் வார் கட்டியவன் என்றால் கை நனையாதவன் என்று பொருள். சூன் ஹொக்குக்கு வாழ்க்கையில் வேறு லட்சியங்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

சியா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வார்களை வரிசையாகப் பரப்பினான். முதலைத் தோல் மாப்பிள்ளைக்குத்தான் பொருந்தும் என்று சூன் ஹொக் தள்ளிவைத்தார். உடும்புத் தோலைப் பார்த்தால் சொறி பிடித்தமாதிரி இருந்தது. கடைசியில் மாட்டுத் தோலில் வந்து நின்றார். ஒவ்வொன்றையும் முகர்வதற்காக மூக்கிலிருந்த குழாயைக் கழற்றுவார். பெக் லான் திரும்ப மாட்டுவாள். அவர் அடுத்ததை எடுப்பார்.

"என்ன அண்ணே, டுரியான் பழமா வாங்குற? இந்த மோப்பம் பிடிக்கிற" என்றான் சியா.

சூன் ஹொக் பழுப்பு நிற வார் ஒன்றைக் கட்டிக்கொண்டு, குமாஸ்தாக்கள் செய்வதுபோல் சட்டைக் கையைச் சற்று மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

அன்று மாலை அவருடைய பெரியக்கா கிம் சுவான் நலம் விசாரிக்க வந்தாள். நோயைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே வார் அவள் கண்ணில் பட்டுவிட்டது. உடம்பில் மிருகத் தோலோடு செத்தால் மறுபிறவியில் அந்த மிருகமாகப் பிறக்க வேண்டியதுதான். பிணத்துக்குத் துணிச் செருப்புப் போடுவதும் இடுப்பு வாரைக் கழற்றுவதும் அதனால்தானே? வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கடிகார வாரும் இதில் சேர்த்தி என்பதுதான் யாருக்கும் உறைக்கவில்லை.

"மாடாப் பொறந்தாத்தான் என்னக்கா? ஐஸு ஒடைக்கச் சொல்ல மாட்டாங்கல்ல" என்றார் சூன் ஹொக்.

"உன் பேரன் மாட்டுக்கறி மீ கடையில நூடுல்ஸ் திங்கப் போயி உக்காருவான்ல? அப்ப யாருடா கிண்ணத்துல கெடப்பா?"

ஆனாலும் அவர் வாரைக் கழற்றுவதாயில்லை. சாகும்போதாவது கை நனையாதவனாகச் சாகிறேன் என்றார். உயிர் எந்த நிமிடம் பிரியும் என்று தெரியாததால் குடும்பம் கூடிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. அவர் கண் மூடினால் வாரைக் கழற்றிவிடுவது. விழித்துக் கேட்டால் கட்டிவிடுவது. பொறுப்பு பெக் லானுக்கு. வேலைக்குப் போகாதவள் அவள் ஒருத்திதான் என்ற உயர்ந்த தகுதி அதற்குப் போதுமானதாக இருந்தது.

கூடத்து நாற்காலி கட்டிலருகே வந்தது. பெக் லான் அவர் மணிக்கட்டில் கொக்கியின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்தாள். சும்மா உட்கார முடியாமல் எதிர்வீட்டுக்காரியைத் திட்டினாள், லோங்கான் பழம் உரித்து ஊட்டினாள். மனைவி போனபிறகு அந்தக் கையை யாரும் பிடித்ததில்லை. சூன் ஹொக் அடிக்கடி தூங்கத் தொடங்கினார்.

மனைவி பெக் லான் படும் பாட்டைப் பார்த்த மகன், சியாவிடம் போய் அதே நிறத்தில், அதே தையலோடு ஒரு போலித் தோல் வார் வாங்கிவந்து, அப்பா தூங்கும்போது மாற்றிவிட்டான். இனி எப்போது வேண்டுமானாலும் போகலாம்; மனிதனாகவே திரும்பலாம். விஞ்ஞானத்தால் ஆன்மாவுக்குக் கிடைத்த நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விழித்ததும் அவர் கையை மூக்கருகே கொண்டுபோனார். புதுச் செருப்புப்போல் நாறியது. பெற்ற பிள்ளை மெனக்கெட்டிருக்கிறானே என்று பேசாமல் இருந்தார். நாற்காலி கூடத்துக்குத் திரும்பிப் போனது. அங்கே தொலைக்காட்சி நாடகத்தில் யாரோ அழும் சத்தம் கேட்டது. அவர் தூங்கினார், விழித்தார், மறுபடி தூங்கினார். யாரும் வந்து கையைத் தொடவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"இது பிளாஸ்டிக்கு."

"தோலுதான் மாமா."

"செருப்பு நாத்தம் அடிக்குது. என்னோடதக் கொண்டா."

"கொண்டாந்தா மறுபடியும் நான்தான காவல் உக்காரணும்?"

"உக்காரு."

பெக் லான் சியாவையும் புருஷனையும் உலகத்து மாடுகளையும் வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே வாரைக் கொண்டுவந்து கட்டினாள், நாற்காலியையும் இழுத்துவந்தாள்.

ஒரு மழை நாளில் அவர் போனார். கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை என்பதுதான் சிக்கல். மூச்சு இழுத்த நேரமெல்லாம் விழித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரின் கையிலிருந்து வாரை எப்படிக் கழற்றுவது? ஏற்பாட்டில் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை. கொக்கியில் வைத்த விரல் வைத்தபடியே இருந்தது.

மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது கடிகாரம் மேசைமேல் இருந்தது. கிம் சுவான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள்.

"முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடியே கழட்டிட்டேன், அத்தை" என்றாள் பெக் லான்.

கிம் சுவான் பெருமூச்சு விட்டு, துணிச் செருப்பை எடுத்துவரச் சொன்னாள். பெக் லான் மாமனாரின் சட்டைக் கையை, வார் பதிந்த தடம் இன்னும் ஆழமாக இருந்த மணிக்கட்டு மறையும்வரை கீழே இழுத்துவிட்டாள்.