மூன்றாம் கட்டிலில் சிரித்தவள்

டாக்டர் கோட்டுகளை வெளுத்து, இஸ்திரி போட்டு ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுப்பது லாண்டரிக்காரம்மாவின் வேலை. அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கிற நகைச்சுவைத் தொடருக்கான கோட்டுகள் அவை. அன்று, நினைவிழந்த நோயாளியாகப் படுக்க வேண்டிய நடிகை வரவில்லை. இயக்குநர் கண்ணில் இவள் பட்டாள்.

"அக்கா, அந்த மூணாம் கட்டில்ல கொஞ்சம் படுத்துக்கிறீங்களா? கண்ணை மூடிட்டு சும்மா இருந்தா போதும்."

"சும்மா படுக்கணுமா? கல்யாணம் ஆனதுலேர்ந்து அதுக்குத்தானே ஏங்கிட்டிருக்கேன்!"

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள்.

டாக்டராக நடித்தவர் அவள் முழங்காலில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "ஐயோ, இதயம் நின்னு போச்சே!" என்று அலறினார். போர்வை குலுங்கியது. "கட்!" மறுபடி எடுத்தார்கள். இம்முறை அவர் வாயைத் திறக்கும் முன்பே குலுங்கியது. சோகமாக எதையாவது நினைப்போம் என்று செத்துப்போன மாமனாரை நினைத்தாள். அவர் வாயிலேயே பல்செட்டை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியதுதான் ஞாபகம் வந்தது. உதட்டைக் கடித்தாள். சிரிப்பு மூக்கு வழியாகப் பீறிட்டது. கேமராக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநரும் தாக்குப்பிடிக்கவில்லை. "விடுங்க. நினைவில்லாம சிரிக்கிற நோயாளின்னே வச்சுக்கலாம்!"

அப்புறம் கேட்கவா வேண்டும்? அவளுக்கு என்ன வியாதி என்று வாராவாரம் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைவீதியில், "நினைவு வந்துடுச்சா அக்கா?" என்று விசாரித்தார்கள். நாத்தனார் மட்டும், "படுத்துக்கிட்டு சிரிக்கிறதெல்லாம் ஒரு நடிப்பா?" என்று நொடித்தாள்.

இரண்டே மாதத்தில் தொடரை ஊத்தி மூடிவிட்டார்கள். வியாதி என்னவென்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள். கட்டிலைக் கழற்றியபோது அவளுக்குத் தொண்டையை அடைத்தது.

கொஞ்ச நாளில் அவள் வீட்டுக்காரருக்கு நிஜமாகவே அடைத்தது, மீன் முள். நிஜமான அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்ததும் நர்ஸ் கத்தினாள்: "டாக்டர், மூணாம் கட்டில் அக்கா!"

ஓடிவந்த டாக்டர், நோயாளியை விட்டுவிட்டு அவளைக் கேட்டார். "தயவுசெஞ்சு சொல்லுங்கம்மா, அது என்ன வியாதி?"

"எனக்கே தெரியாது டாக்டர். முதல்ல இவரைப் பாருங்க!" என்றவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸைத் தொற்றியது, டாக்டரைத் தொற்றியது. கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரும் கெக்கெக்கென்று சிரிக்கப்போய், புரையேறி, இருமி, முள்ளைத் துப்பினார்.

"அடிப்பாவி, என்னைக் கொன்னுருப்பியே!" என்றார், குரல் திரும்பியதும்.

இருவரும் சிரித்துச் சிரித்து வழி தெரியாமல், ஆஸ்பத்திரியை இரண்டு தடவை சுற்றிவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.