ஏழரை காட்டிய சூரியக் கடிகாரம்

2007இல் நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். மூன்று வருடமாகத் தற்காலிகம். திட்டக்குடியில் பெண் பார்க்கப் போன வீட்டில், "பர்மனென்டா?" என்று கேட்டுவிட்டு, காபியோடு அனுப்பி வைத்தார்கள். அடுத்த வீட்டிலும் அதைத்தான் கேட்பார்கள். ரோஷம் வந்து பள்ளி கரஸ்பாண்டென்டிடம் போய் நின்றேன்.

"ஆண்டு விழாவுக்கு வாசல்ல ஒரு சூரியக் கடிகாரம் செஞ்சி வச்சிடுங்க சார். விழா நல்லபடியா முடிஞ்சா பர்மனென்ட் ஆர்டர் போட்டுடறேன்" என்றார்.

கடலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மாதம் வெயிலில் காய்ந்து, அட்டையில் மாதிரி செய்து, மணிக்கோடு ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். விஷயம் எளிதுதான். பூமத்திய ரேகைக்கு எத்தனை டிகிரி வடக்கே ஊர் இருக்கிறதோ, நிழல் போடும் தகடும் அத்தனை டிகிரிதான் எழும்ப வேண்டும். சிதம்பரத்துக்குப் பதினொன்று சொச்சம். அதாவது கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். கரஸ்பாண்டென்டுக்கு இதை மூன்று தடவை விளக்கினேன். மூன்று தடவையும் நன்றாகத் தலையாட்டினார்.

விழாவன்று காலை துணியை விலக்கினார்கள். தகடு விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது! அதைப் பதித்த கொத்தனாரைத் தனியே இழுத்தேன்.

"கரஸ் சார்தான் நிமித்தச் சொன்னாரு சார். லண்டன்ல அவுரு பொண்ணு வூட்டுத் தோட்டத்துல இப்புடித்தான் இருக்குதாம், போட்டோ காட்டுனாரு. நீங்க வச்சது கவுந்து கெடக்குதாம்."

அட மகாபாவி! லண்டன் ஐம்பத்தொரு டிகிரியில் இருக்கிறது, அங்கே நிமிரும். என் கோடுகள் சிதம்பரத்துக்குப் போட்டவை. கையில் கட்டியிருந்த வாட்ச்சில் மணி பத்தேகால். நிழல் ஏழரையில் விழுந்திருந்தது.

சீஃப் கெஸ்ட் குனிந்து பார்த்தார். "என்னங்க, மூணு மணி நேரம் ஸ்லோவா?"

"சார் வெளக்கம் சொல்லுவாரு" என்று மைக்கை என் கையில் திணித்தார் கரஸ்பாண்டென்ட். முறைப்பு வேறு.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் ஆர்டர் காலி. "இது லண்டன் நேரத்தைக் காட்டும் கடிகாரம்" என்றேன்.

பலத்த கைதட்டல். கரஸ்பாண்டென்டுக்கு வாயெல்லாம் பல். "நாங்க எப்பவுமே இண்டர்நேஷனல் லெவல்தாங்க" என்று சீஃப் கெஸ்ட் காதில் ஊதினார். கூச்சநாச்சம் இல்லாமல் நானும் சிரித்து வைத்தேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சந்தேகம் வந்தால் எந்த இடமானாலும் எழுந்து கேள் என்று வருடமெல்லாம் அவளை நச்சரித்தவன் நான்தான்.

"சார், லண்டன்ல இப்ப விடிஞ்சே இருக்காதே. அங்க வெயிலே இல்லாதப்ப நெழல் எப்புடி சார் விழும்?"

கரஸ்பாண்டென்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். அடுத்த வாரமே ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. முழுப்பரீட்சை வரைக்கும் அவள் என் வகுப்பில் எழுந்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.