மதாமுக்கு ஜெர்மன் தெரியாது

ரோஸ்விதாவுக்கு ஜெர்மன் நன்றாகவே தெரியும். தெரியாமல் எங்கே போகும்? பிறந்தது பக்கத்து ஊர். அப்பா பால் வண்டி ஓட்டியவர். அந்த வீட்டில் பேசியது, சண்டை போட்டது, ஜெபம் சொன்னது எல்லாமே அந்த மொழியில்தான். ஆனால் பள்ளிக்கூட மேட்டில் ஏறிவிட்டால் போதும், அவளுக்கு ஜெர்மனில் ஒரு சொல்கூடத் தெரியாது. அங்கே அவள் மதாம் ரோஸ். மூன்று வயதுப் பொடிசுகளிலிருந்து எட்டாம் வகுப்பில் மீசை அரும்பி நிற்கும் தடியன்கள் வரை அத்தனை பேருக்கும் பிரெஞ்சு அவளிடம்தான்.

பெல்ஜியத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டு மொழி ஜெர்மன். கொஞ்சம் மேற்கே போனால் ஆஸ்பத்திரியிலும் பிரெஞ்சு, ரயிலிலும் பிரெஞ்சு. அதனால் பால்பல் விழுவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அதை ஊட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எப்படி ஊட்டுவது என்பதில் ரோஸ்விதாவுக்குப் பிடிவாதமான ஒரு கொள்கை இருந்தது. குழந்தைக்கு இரண்டு வழி இருந்தால் சுலபமான வழியில்தான் போகும். ஆகவே அந்த வழியை அடைத்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடைத்துவிட்டாள். எந்தக் குழந்தையாவது ஜெர்மனில் ஏதாவது கேட்டால் கண்ணை அகல விரித்து, தோளைக் குலுக்கி, மரம் மாதிரி நிற்பாள். குழந்தை கையைக் காட்டும், காலைக் காட்டும், கடைசியில் தெரிந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லைத் தேடிப் பிடிக்கும். உடனே மதாம் முகம் மலர்ந்து ஓடிவருவாள். நடுவில் கால்சட்டை நனைந்த கதைகளும் உண்டு, அதை விடுங்கள்.

கஷ்டம் என்னவென்றால் ஊர் சின்னது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மட்டுமா இருக்கிறார்கள்? ரொட்டிக்கடை வரிசையில் ஒரு வாண்டு நின்றாலும் ரோஸ்விதா பிரெஞ்சில்தான் ரொட்டி கேட்டாக வேண்டும். கடைக்காரி கெர்டா அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அந்த நேரம் பார்த்து வேண்டுமென்றே காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் விளங்காத மாதிரி மூன்று தடவை கேட்பாள். பிறகு வாண்டு வெளியே போனதும், "என்னடி பாரிஸ்காரி, உங்கம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?" என்பாள். கணவன் எவால்ட் இன்னும் மோசம். "ஊர்ல எல்லாரும் படிச்சதைக் காட்டிக்கிட்டுத் திரியறாங்க. என் பொண்டாட்டி தெரிஞ்சதை மறைச்சுக்கிட்டு சம்பளம் வாங்கறா" என்று நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். யார் என்ன கேலி செய்தாலும், இருபத்துச் சொச்சம் வருஷமாக ரோஸ்விதா பிடியைத் தளர்த்தவில்லை.

ஒரு வருஷம் அவளுக்கு மத்தேயா என்ற நாலு வயதுப் பெண் வந்து வாய்த்தாள். பெற்றோர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள். வீட்டில் அந்தப் பெண் வாய் மூடமாட்டாளாம். ரோஸ்விதாவிடம் மட்டும் ஒரு வருஷம் முழுக்க ஒரு சொல் பேசவில்லை. கோபமில்லை, பயமில்லை, சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். "எங்கிட்டேதான் தப்போ?" என்று ரோஸ்விதா எவால்டிடம் புலம்பாத வாரமில்லை. அடுத்த இலையுதிர் காலம் வந்ததும் ஒரு நாள் சூப் கிண்ணத்தை நீட்டி, 'இன்னும்' என்றாள் மத்தேயா, பிரெஞ்சில். அடுத்த வாரம் 'நாய்'. அதற்கடுத்து 'வேண்டாம்'. ஒற்றை ஒற்றைச் சொல்தான். ஆனாலும் ஒவ்வொன்றையும் ரோஸ்விதா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷனிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். இப்போதுதான் திறக்கிறது, இந்த நேரத்தில் எதுவும் கெட்டுவிடக்கூடாதே என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

கெட்டது புனித மார்ட்டின் திருநாள் ஊர்வலத்தன்று. நவம்பர் மாதம், இருட்டத் தொடங்கும் வேளை. முன்னால் சிவப்புப் போர்வையோடு குதிரைமேல் மார்ட்டின் வேஷக்காரர், பின்னால் வாத்தியக்காரர்கள், அதற்குப் பின்னால் காகித விளக்கைக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகள். இப்போதெல்லாம் விளக்குக்குள் பாட்டரி பல்புதான் வைப்பார்கள். மத்தேயாவின் அப்பா மட்டும், "மெழுகுவத்தி இல்லாம அது என்ன மார்ட்டின் விளக்கு?" என்று வீம்புக்கு நிஜத் திரியை ஏற்றிக் கொடுத்திருந்தார். ஓடைப் பாலம் திரும்பும் இடத்தில் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. காகிதம் குப்பென்று பிடித்துக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தையின் தள்ளுவண்டியோடு எங்கோ பின்னால். குழந்தையோ பயத்தில் குச்சியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. தீ கம்பளிச் சட்டையின் கைப்பக்கம் சாய்ந்தது.

"கீழே போடுடி கழுதை! கைய விடு!"

கத்தியது ரோஸ்விதா, ஜெர்மனில். அப்பா பால் வண்டியில் கத்துவாரே, அதே ஊர்ப்பேச்சு, அதே தொண்டை. பாய்ந்து குச்சியைத் தட்டிவிட்டு, காலால் மிதித்து அணைத்து, குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். குழந்தையின் கையுறை ஓரம் கருகி, ஒரு விரல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். "ஒண்ணுமில்லடி தங்கம், ஒண்ணுமில்ல. முடிஞ்சு போச்சு. விளக்கு போனா போகுது, வேற வாங்கிக்கலாம்" என்று முதுகைத் தடவித் தடவி ஜெர்மனிலேயே பேசிக்கொண்டிருந்தாள். பிறகுதான் கவனித்தாள், வாத்தியம் நின்றுபோயிருந்தது. சுற்றி எல்லா வயதிலும் அவளுடைய பிள்ளைகள், விளக்கைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு.

திடலில் சொக்கப்பனை கொளுத்தி, பிள்ளைகளுக்குப் பொம்மை வடிவ ரொட்டி கொடுப்பதற்குக்கூட அவள் நிற்கவில்லை. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல? அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றான் எவால்ட்.

"அவ இனிமே எங்கிட்ட எதுக்குப் பிரெஞ்சு பேசணும், சொல்லுங்க. இப்பத்தான் வாயத் தொறந்தா. அத்தனை புள்ளைங்களுக்கும் நான் பொய்க்காரின்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்ப என்ன, சொல்லைத் தேடிப் பிடிச்சுப் பிரெஞ்சுல கத்தியிருக்கணுமா? அதுக்குள்ள சட்டை எரிஞ்சிருக்கும்."

அவன் சொன்னது நியாயம்தான். நியாயம் தூக்கம் கொடுக்குமா? கொடுக்கவில்லை.

மறுநாள் முதல் மணி எட்டாம் வகுப்பு. வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். மேசையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஆரம்பித்தாள். "நேத்து சாயங்காலம் நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க..."

முதல் பெஞ்சிலிருந்த அனெலீன் முந்திக்கொண்டாள். வகுப்பிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். அவளும் பிரெஞ்சிலேயே சொன்னாள். "நாங்க ஒண்ணும் கேக்கல மதாம். வாத்தியச் சத்தம் ரொம்ப ஜாஸ்தி."

"வாத்தியந்தான் நின்னுபோச்சே."

"எனக்குக் காதுல சளி மதாம்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். இன்னொருவன், தான் அப்போது ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். யாரும் நிமிரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

ரோஸ்விதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை நாளாத் தெரியும்?"

"பாலர் வகுப்புலேருந்தே" என்றாள் அனெலீன். "எங்கம்மா சொன்னாங்க. அவங்க உங்ககிட்ட படிச்சப்ப, கார்னிவல்ல நீங்க முகமூடி மாட்டிக்கிட்டு வண்டிமேல ஏறி நின்னு ஜெர்மன்ல ஊர்ப்பாட்டெல்லாம் பாடினீங்களாமே. முகமூடி போட்டா குரல் மாறிடுமா மதாம்? அப்பலேருந்து பெரியவங்க சின்னவங்களுக்குச் சொல்லி வச்சிடுவாங்க. மதாமுக்குத் தெரியும், ஆனா நமக்குத் தெரியும்னு மதாமுக்குத் தெரியக்கூடாது."

"அப்ப எதுக்குடி இவ்வளவு நாள் கஷ்டப்பட்டுப் பிரெஞ்சுல பேசினீங்க?"

"நீங்க அவ்வளவு பாடுபட்டு முழிக்கிறீங்க. பாக்கவே பாவமா இருந்துச்சு."

அவ்வளவுதான், வகுப்பு வெடித்தது. ரோஸ்விதா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்ட வேண்டியிருந்தது. ஊரை ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருந்தவளை ஊரே சேர்ந்து ஏமாற்றியிருக்கிறது, அதுவும் பிள்ளைகள், அதுவும் அவளுக்காக. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு நிம்மதியை அவள் வெகுநாளாக அறிந்ததில்லை.

ஆனால் படியிறங்கிப் பாலர் வகுப்பை நெருங்க நெருங்க நடை தளர்ந்தது. மத்தேயாவுக்குச் சொல்லி வைக்க அக்காவும் இல்லை, இங்கே படித்த அம்மாவும் இல்லை. அவள் நேற்றுத்தான் தெரிந்துகொண்டாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மற்றதுகள் எப்போதும்போல 'போன்ஜூர் மதாம்' என்று கத்திக்கொண்டு ஓடிவந்தன. மத்தேயா வரவில்லை. கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே நின்று, விரலில் ஒட்டிய பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டிருந்தாள். ரோஸ்விதா அருகில் போனதும் வாசலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு குனியும்படி கையால் சைகை செய்தாள். ரோஸ்விதா மண்டியிட்டுக் காதைக் கொடுத்தாள். காதில் சூடாக மூச்சுப் பட்டது.

"மதாமுக்கு ஜெர்மன் தெரியும்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் மத்தேயா. தட்டுத் தடுமாறி, நடுவில் இரண்டு தடவை நின்று சொல்லைத் தேடி, முழுவதும் பிரெஞ்சில்.