பியற்றிஸ் அக்கா பிடித்துவைத்த இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்றைக்குப் பிழை என்னுடையது. லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் சனத்துக்குக் கதைக்க விசயம் குறைந்தால் இப்போதும் கிறிஸ்துநாயகம் அண்ணையின் பெயரைத்தான் இழுக்கிறார்கள். கதைக்கிறவர்களில் அரைவாசிப் பேர் அந்த யாத்திரை பஸ்ஸில் வந்தவர்கள்கூட இல்லை. நான் வந்தேன். அவருடைய சீற்றுக்குப் பின் சீற்றில்தான் மூன்று நாளும் இருந்தேன். ஆகவே கொஞ்சம் பேசாமல் இருந்து நான் சொல்வதைக் கேளுங்கள்.

அண்ணை மன்னார் பேசாலை ஆள். எண்பத்தொன்பதில் லண்டனுக்கு வந்து, பாண் செய்கிற ஒரு பெரிய பேக்கரியில் இருபத்தாறு வருசம் இரவு ஷிப்ட் செய்தவர். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. அதிகம் கதைக்கமாட்டார். தெருவில் யாருடைய கதவுப் பூட்டு இறுகினாலும் சின்ன எண்ணெய்ப் போத்தலோடு வந்து நிற்பார், தேத்தண்ணி குடிக்கச் சொன்னால் நேரமில்லை என்று போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து நேரே பூசைக்கு வருவார். சப்பாத்தில் மா ஒட்டியிருக்கும். அவர் வருவதற்குள் பிரசங்கம் பாதி முடிந்திருக்கும்.

அவருடைய மனைவி பியற்றிஸ் அக்கா அவருக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். பக்கத்தில் தன்னுடைய மண்ணிறக் கைப்பையை வைத்து, பைக்கு மேலே ஒரு கையையும் வைத்திருப்பார். பெரிய வெள்ளிக்கிழமை நிற்க இடமில்லாத சனத்திலும் அந்தப் பைக்குக் கிட்ட ஒருவரும் போனதில்லை. புதிதாக வந்த சுவாமி ஒருநாள் பையை எடுத்து மடியில் வைக்கச் சொன்னபோது, "ஆள் வருது, ஃபாதர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாராம். எங்கள் கோயில் பங்கில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அக்காவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருசம் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அண்ணை மூடி வைத்திருந்தார். காது கேட்பது குறைவு, சுகர் கூட, களைப்பு என்று ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். மகள் பிறின்சியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவள் விம்பிள்டன் பக்கம் பார்மசியில் வேலை செய்கிறாள், மூன்று பிள்ளைகள். அடுப்பில் காஸ் திறந்தபடி கிடந்ததை ஒருமுறை அவள் கண்டாள். அம்மா இரவு உடுப்போடு பஸ் தரிப்பில் நின்றதை இன்னொரு முறை கண்டாள். நல்ல ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பார்த்து, கவுன்சிலோடு கதைத்து, பேப்பரெல்லாம் எடுத்துவிட்டாள். அவளைக் கெட்டவள் என்று நினைக்காதீர்கள். அவள் அழுதுகொண்டுதான் எடுத்தாள்.

அண்ணை மாட்டேன் என்றார். அக்காவுக்கு இங்கிலீஷ் முதலிலேயே மறந்து போய்விட்டது. "அங்கை அவ தமிழிலை தண்ணி கேட்டா ஆர் குடுப்பினம்?" என்று கேட்டாராம். கடைசியில் தகப்பனும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அக்காவுக்கு அண்ணையைத் தெரிகிறவரைக்கும் வீட்டில் வைத்திருக்கலாம். அவரையே தெரியாமல் போகிற அன்று அவர் கையெழுத்து வைக்கவேண்டும். அண்ணை உடனே ஓம் என்றார். மகளின் பெயர் போனது, மாதம் போனது, பரலோக மந்திரத்தின் நடுப்பகுதி போனது. அவர் மட்டும் போகவில்லை. நாற்பத்தொரு வருசம் சேர்ந்து இருந்தவ தன்னை எப்படி மறப்பா என்று அவர் நம்பியிருந்தார். அந்த ஒரு நம்பிக்கையை வைத்துத்தான் அந்த மனுசன் சீவித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். பஸ்ஸில் ஏறும்போது ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு ஆவணியும் எங்கள் பங்கிலிருந்து ஜெர்மனியிலுள்ள கேவலார் மாதாவிடம் பஸ் போகும். ஐரோப்பா முழுவதிலும் இருந்து தமிழ்ச் சனம் அங்கே கூடும். பஸ்ஸை ஒழுங்குபடுத்துகிறவர் கிருசாந்தன், நாற்பத்தைந்து வயது, மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார். அந்த முறை திரும்பி வருகிற வழியில் ஹொலண்டில் கிண்டர்டைக் என்ற இடத்தில் பழைய காற்றாலைகளைப் படகில் சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்திருந்தார்.

ஆட்களை எண்ணுகிற எங்கள் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பாஸ்போர்ட்டுகளில் யார் பெயர் யாருடையது என்று கண்டுபிடிக்க ஏலாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, ஞானஸ்நானப் பெயர் பின்னுக்கு, பஸ்ஸில் ஆறு மரியா, ஐந்து சூசை. அதனால் கிருசாந்தன் வீட்டுக் கணக்கில்தான் கூப்பிடுவார். "றஜீனா அக்கா வீடு?" என்றால் நான் ஓம் என்பேன், எங்கள் நாலு பேருக்கும் தாளில் ஒரு சரி அடையாளம் விழும். பக்கத்து வீட்டுக்காரர் மறுமொழி சொல்லாவிட்டால் நாங்களே சொல்லிவிடுவோம். இருபது வருசமாக இப்படித்தான், ஒருவரும் தொலைந்தது கிடையாது.

திரும்புகிற அன்று காலை பத்தரைக்குப் படகு. நாங்கள் நாற்பத்தொன்பது பேர், ஒரே படகில் ஏற இடமில்லை என்று இரண்டாகப் பிரித்தார்கள். நான் ஏறியது முதல் படகில். எனக்கு முன்னால் ஜன்னல் ஓரமாக அண்ணை அக்காவை இருத்திவிட்டு என்னிடம் திரும்பினார். முகம் வெளிறிப்போயிருந்தது. மூன்று நாளாக அக்காவைத் தனியே விடாமல், தானும் ஒழுங்காகக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு திரிந்த மனுசன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. "றஜீனா, நான் ஒருக்கா ஒண்டுக்குப் போட்டு ஓடி வாறன். இவவைப் பாத்துக்கொள்ளும்" என்றார். நான் போனில் வீடியோ சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, போட்டு வாங்கோ என்றேன்.

கழிப்பறையில் வரிசை நீளம். படகு நேரத்துக்குப் புறப்பட்டது. அண்ணை இரண்டாவது படகில் வருவார் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணித்தியாலச் சுற்று. இந்தக் காற்றாலைகள் தண்ணீரை வெளியே இறைக்கக் கட்டினவை, இந்த நிலம் கடலைவிடப் பள்ளம், இவை சுற்றாமல் நின்றிருந்தால் இங்கே ஊர் இருந்திராது என்று வழிகாட்டிப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். வாய்க்கால் இரண்டு பக்கமும் நாணற்புல், அதற்குப் பின்னால் வரிசையாகப் பத்தொன்பது காற்றாலை. நான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். அக்காவைத் தவிர எல்லாவற்றையும்.

கரைக்கு வந்ததும் நான்தான் முதலில் இறங்கினேன். சீஸ் கடை கண்ணுக்குத் தெரிந்தது. கிருசாந்தன் இறங்குகிற இடத்தில் தாளோடு நின்று வீடுகளைக் கூப்பிட்டார். "கிறிஸ்து அண்ணை வீடு?" என்றார். மறுமொழி இல்லை. அக்கா எனக்குப் பின்னால் இறங்கியிருப்பார்தானே என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமல் நான் சொன்னேன், "ஓம், இறங்கியாச்சு." சரி விழுந்தது. எல்லாரும் இறங்கியாயிற்றா என்று படகுக்காரர் கேட்டதற்குக் கிருசாந்தன் தாளைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். படகு அடுத்த ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இரண்டாவது படகு வந்ததும் அண்ணை ஓட்டமும் நடையுமாக என்னிடம் வந்து, பியற்றி எங்கே என்று கேட்டார். பஸ்ஸில் இருப்பா என்றேன். பஸ்ஸில் இல்லை. கடையில் இல்லை. கழிப்பறையில் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். கிட்ட இருந்த காற்றாலைக்குள் செங்குத்தான ஏணிப்படியில் ஏறிப் பார்த்தோம். அக்கா இறங்கினதைக் கண்டீர்களா என்று கிருசாந்தன் என்னைக் கேட்டார். கண்டேன் என்றேன். கடவுளே, காணாததைக் கண்டேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கே கண்ட மாதிரித்தான் இருந்தது. அதனால் எல்லாரும் தரையிலேயே தேடினார்கள்.

தரையில் இல்லையென்றால் மிச்சம் தண்ணீர்தான். அண்ணை சப்பாத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்காலளவு சேற்றில் நின்று நாணலை இரண்டு கையாலும் விலக்கி விலக்கிப் பார்த்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மறுமொழி வராது என்ற பயம் அவருடைய முகத்தில் அப்படியே தெரிந்தது. கிருசாந்தன் பொலிசுக்கு அடிக்கப் போனை எடுத்தபோது, அண்ணை கரைக்கு ஏறி வந்து அவருடைய கையைப் பிடித்தார். இன்னும் பத்து நிமிசம் தா தம்பி, பொலிசுக்குப் போனால் பிள்ளைக்குத் தெரிய வரும் என்று கெஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார், நோயை, பிறின்சியின் பேப்பரை, கையெழுத்தை. மூன்று வருசம் மூடிவைத்ததை மூன்று நிமிசத்தில் கொட்டினார்.

"இப்பதான் எனக்குக் கை காட்டினவ, றஜீனா. நாங்கள் திரும்பி வரேக்கை உங்கடை படகு எதிரிலை போச்சு. ஜன்னலாலை கை காட்டினவ. அதுக்குள்ளை எங்கை போயிருப்பா?"

அவர்கள் திரும்பி வந்த நேரம் நான் சீஸ் கடையில் நின்றேன். எங்கள் படகு கரைக்கு வந்து பத்து நிமிசத்துக்கு மேல், அவர் எதிரில் கண்டது அது அடுத்த ஆட்களோடு திரும்பப் போனதை. அப்படியென்றால் அக்கா இறங்கவே இல்லை. ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை, அதனால் இறங்கவில்லை. நான் பார்க்காமல் சொன்னேன் அண்ணை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

படகு வருகிறவரைக்கும் இறங்குதுறையில் நின்றோம். அவருடைய காற்சட்டையிலிருந்து தண்ணீர் பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. படகு தூரத்தில் தெரிந்தது. அதே ஜன்னலில் அக்கா. மூன்றாவது சுற்று. அண்ணை நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு, ஆட்கள் இறங்கி முடிக்கக்கூடப் பொறுக்காமல் உள்ளே ஏறினார். நானும் பின்னால் போனேன்.

அக்கா வடிவாக, சாறி கசங்காமல் இருந்தார். பக்கத்து இடத்தில் மண்ணிறப் பை, பைக்கு மேலே ஒரு கை. மூன்று சுற்றிலும் அந்த இடத்தில் ஒருவரையும் இருக்கவிடவில்லை என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். அண்ணை அழுதபடி சிரித்துக்கொண்டு, "பியற்றி, பயந்து போனன். வாரும்" என்று சொல்லி, பையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இருக்கப் போனார்.

அக்கா பையை இறுக்கிப் பிடித்தார். அவரை மரியாதையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இதிலை ஆள் வருது. என்ரை மனுசன் ஒண்டுக்குப் போனவர்."

அண்ணை படகிலிருந்து இறங்கினார். ஈரக் கையால் தலைமயிரைக் கோதி, முகத்தைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு, கழிப்பறையிலிருந்து இப்போதுதான் வருகிறவர் போலத் திரும்ப ஏறி வந்தார். "பியற்றி, நான் வந்திட்டன்" என்றார். நான் மாதாவே, மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"முந்தியும் சொன்னனான், அண்ணை" என்றார் அக்கா. "ஆள் வருது."

கடைசியில் அக்காவை அந்த இடத்தைவிட்டு எழுப்பியது நான்தான். அண்ணை பஸ்ஸில் இருக்கிறார், உங்களை வரட்டாம் என்றேன். அக்கா உடனே எழுந்து, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று என்னைக் கடிந்துகொண்டு பையோடு நடந்தார். அண்ணை பின்னால் வந்தார். பஸ்ஸில் அக்கா பக்கத்துச் சீற்றில் பையை வைத்தார். அண்ணை சாரதிக்குப் பக்கத்தில் மடக்குச் சீற்றில் இருந்தார். இங்கிலாந்துக்குக் கடல் கடக்கிற கப்பலிலும் அது மாறவில்லை. லண்டன் வரும்வரைக்கும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வந்து அக்காவின் முகத்துக்கு முன்னால் நிற்பார். அக்கா மரியாதையாகச் சிரிப்பார். அவர் திரும்பிப் போவார். மற்ற நாற்பத்தேழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவரும் செபமாலை சொல்லத் தொடங்கவில்லை.

வால்தம்ஸ்டோவில் கோயில் வாசலில் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. பிறின்சி காரோடு நின்றாள். அவளுடைய கண் முதலில் தகப்பனின் சேறு காய்ந்த காற்சட்டையில் விழுந்தது, பிறகு என்னிடம் வந்தது. அம்மா எப்படி, பிரச்சினை ஒன்றும் இல்லைதானே என்று என்னைத்தான் கேட்டாள். பஸ் முழுக்க நான் அதற்குத் தயாராகத்தான் வந்தேன். ஓம் பிள்ளை, எல்லாம் வடிவாப் போச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காலையில் ஒருமுறை அந்த வீட்டுக்காகப் பொய்யாக ஓம் சொன்னவள், இன்னொரு முறை சொன்னால் என்ன?

அண்ணை என்னை முந்திவிட்டார்.

"சனிக்கிழமை வா, பிள்ளை. அந்தப் பேப்பரையும் கொண்டு வா."

பிறின்சி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. அக்கா காருக்குள் ஏறியிருந்து, பக்கத்தில் பையை வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனுசியைக் கொண்டுபோய் விட்டுவிட்டார் என்று கதைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறி அந்த இல்லத்துக்குப் போகிறார், ஒரு போத்தல் தண்ணீரோடு. தமிழில் கேட்டால் கொடுக்க ஆள் வேண்டும் அல்லவா. போன கிழமை நானும் போனேன். அக்கா ஜன்னல் ஓரத்தில், பக்கத்துக் கதிரையில் பை, பைக்கு மேலே கை. அண்ணை எதிர்ச் சுவரோரம் நின்றார். புதிதாக வந்த தாதி, அவர் அந்தக் கதிரையில் இருக்கட்டும் என்று பையை எடுக்கக் குனிந்தாள். அண்ணை அவளுடைய கையை மெல்லத் தடுத்து, அந்த இடத்துக்கு ஆள் வருது என்று இங்கிலீஷில் சொன்னார்.