தம்பி சாப்பிட மறுத்த குளிர்காலம்

எட்டு வருடங்களுக்கு முன்பு, மெல்பேர்னில் ரோவிலில் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் மூன்று பேரும் சிட்னிக்கு, குவேக்கர்ஸ் ஹில்லுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் நடந்தது இது. மனைவிக்கு இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்திருந்தது. எனக்குக் கணினியில் செய்கிற வேலை. எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். ஊர் மாறியதில் எங்கள் இருவருக்கும் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. குறைந்தது எங்கள் ஒரே மகளுக்குத்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. முதலாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த சிநேகிதிகளை எல்லாம் அங்கே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மனைவி விடியற்காலையில் வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவாள் என்பதால் சமையல் என் பொறுப்பு. என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சமைத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ள வியாதி. விருந்தாளி போதும் போதும் என்று சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மூடினால், விரல் இடுக்கு வழியாகக் கறியை ஊற்றிவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள். ஒருவர் சாப்பிடாமல் எழும்பினால் எங்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

புதுப் பள்ளிக்கூடம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே மகள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். மதியத்துக்குக் கட்டிக் கொடுத்தது அப்படியே திரும்பி வரும். இரவில் புட்டை விரலால் கிளறிக்கொண்டு இருப்பாள். நான் அவளுடைய கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “பிள்ளை, இன்னும் ஒரு வாய். இந்தக் கத்தரிக்காயை மட்டும் சாப்பிடன்” என்பேன். “ஐ ஆம் ஃபுல், அப்பா” என்று எழும்பிப் போய்விடுவாள். பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்காமல் மனைவி ஊசி குத்தி அனுப்பினாள். வைத்தியரிடம் காட்டினோம். உடம்பில் ஒன்றும் இல்லை, புது இடம், பழகக் கொஞ்ச நாளாகும் என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

அந்த நாட்களில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: பச்சோந்தி. நாள் முழுக்க அதன் வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரித்தால், இந்த நாட்டில் பச்சோந்தியை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக, முறைப்படி அனுமதி எடுத்துக்கொண்டு இந்த நாட்டு ஓணான் ஒன்றை வளர்க்கலாம் என்றார்கள். கழுத்தடியில் தாடிபோல முள் வைத்த ஓணான். பியர்டட் டிராகன் என்பார்கள். நிறமும் ஓரளவு மாறும். சரி, பச்சோந்திக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்வோமே என்று, வளர்த்து விற்கிற ஒருவரிடம் போய் ஒரு குஞ்சை வாங்கி வந்தேன். என் சுட்டுவிரலை விடக் கொஞ்சம்தான் நீளம். “உனக்குத் தம்பி வந்திருக்கிறான்” என்று பகிடிக்குச் சொன்னேன். அதுவே அவன் பெயராகிவிட்டது.

வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரு மரக்கிளை, மேலே சூட்டுக்கு ஒரு விளக்கு, வெயிலுக்குப் பதிலாக இன்னொரு விளக்கு என்று தம்பிக்கு எங்களை விட வசதியான வீடு. சாப்பாடு மட்டும் கொஞ்சம் சங்கடம். கீரையைப் பொடியாக வெட்டிக் கொடுக்கலாம்தான், ஆனால் குஞ்சு வளர உயிருள்ள சில்வண்டு வேண்டும். அதைப் பெட்டியில் அடைத்து விற்பார்கள். நான் முதல் பெட்டியைத் திறந்த விதத்தில் பாதி சில்வண்டுகள் துள்ளி, அடுப்பும் சாமித் தட்டும் இருக்கிற குசினிக்குள் ஓடிவிட்டன. அடுத்த நாள் விடியற்காலையில் மனைவி விளக்கேற்றப் போய்ப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா, சாமித் தட்டுக்குப் பின்னால நிண்டு கத்துது! முதல்ல வந்து பிடியுங்கோ!”

நான் முழங்காலில் தவழ்ந்து சில்வண்டு பிடித்ததைப் பார்த்து மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிட்னிக்கு வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

ஆனால் தம்பி சாப்பிடவில்லை. முதல் நாள் இல்லை, அடுத்த நாளும் இல்லை. கிளைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டு, வயிறெல்லாம் கறுத்து, கண்ணை மூடியபடி கிடந்தான். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. தொட்டியின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, ஒரு சிறு இடுக்கியால் சில்வண்டைப் பிடித்து அவன் வாய்க்கு நேரே ஆட்டினேன். நாக்கைத் தட்டிச் சத்தம் எழுப்பினேன். கீரையை மூக்கில் தொட்டேன். பூசணிக்காயை அவித்து மசித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த சிநேகிதர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தடவை குனிந்து பார்த்து, ஐயோ பாவம் என்றார்கள். அவன் ஒரு தடவை வாயைத் திறந்தான். சாப்பிட இல்லை, என்னைப் பயமுறுத்த.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட வைக்காமல் தொட்டிக்குப் பக்கத்தில் போவாள். “டிட் ஹீ ஈட்?” என்பாள். இல்லை என்று நான் தலையாட்டியதும் நேரே அறைக்குள் போய்விடுவாள். அவளும் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். இரவில் எழும்பி எழும்பித் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். விரல் நீள ஓணானுக்காக இல்லை. இது செத்துப்போனால் என் பிள்ளை என்ன ஆவாள் என்ற பயம். அவளைத் தேற்றலாம் என்று கொண்டுவந்த உயிரே அவளை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடும் போலிருந்தது.

இப்படியே ஒரு வாரம் போய், அடுத்த சனிக்கிழமை ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் மகளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். மனைவிக்கு அன்றைக்கும் வேலை. வைத்தியர் ஒரு வெள்ளைக்காரப் பெண். தம்பியை எடை பார்த்தார், வாய்க்குள் பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். நோய் எதுவும் தெரியவில்லை, ஆனால் எடை மிகவும் குறைவு, இப்படியே போனால் குழாய் வைத்துத்தான் உணவு ஏற்ற வேண்டிவரும் என்றார். பிறகு, வீட்டில் எப்படித் தீனி கொடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்.

நான் விடுவேனா? மேசையில் தம்பி இருந்த பெட்டிக்கு மேலே குனிந்து, ஒரு பேனாவை இடுக்கியாக்கி, நாக்கைத் தட்டி, முழுதாக நடித்துக் காட்டினேன். தம்பி பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு கறுத்துப் போனான். வைத்தியர் சிரிக்கவில்லை. “மேலே இருந்து குனிகிற பெரிய தலை இவனுக்கு என்னவாகத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். மகள்தான் பதில் சொன்னாள்: “குக்கபரா.”

குக்கபரா இங்கே எங்கும் திரிகிற பறவை. கிளையில் அசையாமல் இருந்து பார்த்து, பல்லி, ஓணான் எது தெரிந்தாலும் இறங்கிக் கொத்திக்கொண்டு போகும். வைத்தியர் மகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தொட்டியைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் விசாரித்தார். விளக்கு உயரத்தில் இருப்பதால் சூடு போதவில்லை, சூடு இல்லாவிட்டால் இவனுக்குச் செரிக்காது, விளக்கை இறக்குங்கள் என்றார். தொட்டியின் மூன்று பக்கத்தையும் கடதாசியால் மறைக்கச் சொன்னார். வீடு மாறி வந்த குஞ்சு, பசி இல்லாமல் இல்லை, பயம்தான் என்றார். கடைசியாக என்னைப் பார்த்து, “தீனியை வையுங்கள். வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்” என்றார்.

திரும்பி வரும்போது மகள் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். “அப்பா இஸ் எ குக்கபரா” என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். சிக்னலில் நின்றபோது, வெளியே பார்த்தபடி, “நீங்க பின்னால நிண்டு பாக்கேக்க எனக்கும் சாப்பாடு இறங்குதில்லை, அப்பா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தம்பியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. சிக்னல் பச்சையாகி, பின்னால் நின்ற காரின் ஹோர்ன் கேட்டபிறகுதான் காரை எடுத்தேன். வீடு வரும் வரை வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது புத்தி சொல்லிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

வந்ததும் விளக்கை இறக்கினேன், கடதாசி ஒட்டினேன். பின்னேரம் நன்றாகச் சூடு ஏறியபிறகு சில்வண்டுகளைத் தொட்டிக்குள் விட்டேன். மேசையில் மகளுக்கு இடியப்பமும் சொதியும் வைத்தேன். “சாப்பாடு இருக்கு, பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன். குளிர் எலும்பைக் குடைந்தது. அவசரத்தில் ஜம்பரை எடுக்க மறந்திருந்தேன். துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு சாப்பாட்டு நேரத்தை அவ்வளவு கஷ்டப்பட்டுக் கழித்ததில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு தடவை யன்னல் பக்கமாக வந்து ஒளித்துப் பார்த்தேன். மகள் மேசையில் இல்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். தம்பிக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து இருந்தாள். இடியப்பத்தைச் சொதியில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தம்பி கிளையிலிருந்து மெல்ல இறங்கி வந்தான். தலையைச் சரித்துப் பார்த்தான். டக்கென்று ஒரு பாய்ச்சல். வாய்க்கு வெளியே சில்வண்டின் கால் ஒன்று ஆடியது, பிறகு அதுவும் உள்ளே போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சத்தம் போடாமல் திரும்பிக் கம்பியடிக்கே போய்விட்டேன்.

அங்கே நின்றபோதுதான் மனைவி வேலை முடிந்து வந்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தவள் என்னைக் கண்டு திடுக்கிட்டாள்.

“என்னப்பா, இந்தக் குளிருக்குள்ள வெளியில நிண்டு என்ன செய்யிறியள்?”

“மெல்லக் கதையும். உள்ள பிள்ளையள் சாப்பிடுகினம்” என்றேன்.

அவள் யன்னலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தன் கம்பளிச் சால்வையில் பாதியை என் தோளில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

மகள் ஒரே நாளில் மாறிவிட்டாள் என்று சொன்னால் பொய். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாக இருக்கவில்லை. வைப்பேன், பின்வளவில் களை பிடுங்கப் போய்விடுவேன். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பின்வளவுப் புல் இருந்த அழகைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்னைப் பெரிய தோட்டக்காரன் என்றே நினைத்திருப்பார்கள். வசந்தம் வந்தபோது பாவாடையில் ஊசி குத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பிள்ளைகளைத் தம்பியைக் காட்டக் கூட்டி வந்தாள். குனியக்கூடாது, பக்கத்தில் இருந்துதான் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னாள்.

இப்போது அவள் மெல்பேர்னில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தம்பி எங்களோடு இருக்கிறான். முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, யாருக்கும் பயப்படாமல் என் தோளில் படுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிறான். வீடு ஒழுங்காக இருக்கிறது, அமைதியாக இருக்கிறது. சில சமயம், குசினிக்குள் ஒரு சில்வண்டு கத்தி, நான் தவழ்ந்து தேட, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வராதா என்று இருக்கும்.

போன விடுமுறைக்கு மகள் வந்திருந்தாள். பழக்க தோஷத்தில் மேசையில் கோப்பையை வைத்துவிட்டு, மரத்துக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

“எங்க போறீங்க, அப்பா? வந்து இருங்கோ” என்றாள்.

“நான் பாத்தால் உனக்கு இறங்காதே, பிள்ளை.”

“இப்ப இறங்கும்” என்று பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டாள்.

போய் இருந்தேன். அவள் சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து ஆசை தீரப் பார்த்தேன். பிள்ளை வளர்ப்பில் நான் செய்த ஒரே கெட்டிக்கார வேலை அன்றைக்கு அந்தக் குளிரில் வெளியே நின்றதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதைவிடப் பெரிய சந்தோஷம், உள்ளே வந்து இருங்கோ என்று எட்டு வருடம் கழித்து அவளே வாய் திறந்து கூப்பிட்டது.