பாய் கடைப் பெட்டி

எழுபதுகளின் நடுவில் மரக்காணம் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. என் கணவரும் என் தம்பியும் முன்னால் வேலை பார்ப்பார்கள். நான் பின்னறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுப்பேன். டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பேட்டரி இல்லாமல் வீட்டுக் கரண்டில் ஓடவைக்கும் எலிமினேட்டர் பெட்டியை நாங்களே செய்து விற்றோம். அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அதை மாட்டினால் பாட்டுக்கு அடியில் வண்டு சுற்றுவதுபோல் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை.

பஸ் நிற்கும் இடத்தருகே ஒரு பாய் புதிதாகக் கடை போட்டார். அவருடைய எலிமினேட்டரில் இரைச்சலே கிடையாது. உப்பளத்து ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயம். பாய் கடை பூட்டியிருந்த ஒரு நாள், உப்பள மேஸ்திரி ஒருவர் பாய் செய்த பெட்டியை எங்களிடம் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்ததும் பென்சிலைத் தேடினான்.

"எதுக்குப் பென்சில்?" என்றார் என் கணவர்.

"வரைஞ்சு வச்சிக்கிறேன் மாமா. இதே மாதிரி நாமளும் போட்டுடலாம்."

"ரிப்பேருக்கு வந்ததை ரிப்பேர் பண்ணு. அவரு மண்டைய ஒடச்சிக்கிட்டு கண்டுபிடிச்சதை நாம நோவாம எடுத்துக்கிறதா?"

"நீங்க மட்டும்? மெட்ராஸ்ல ஒருத்தர் செஞ்சதைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டீங்க?"

"அவரு பக்கத்துல உக்கார வச்சி சொல்லிக் குடுத்தாரு. இது அவருக்குத் தெரியாம."

"தொறந்தா எல்லாருக்கும் தெரியறதுதானே இருக்குது உள்ள? இதுல என்ன திருட்டு?"

"அப்போ ஞாயித்துக்கெழம பூசைக்கு முன்ன மாதா கோயில் சாமியார்கிட்ட போயி பாவசங்கீர்த்தனத்துல சொல்லு. அவரு திருட்டு இல்லன்னா வரைஞ்சிக்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் அவன் பென்சிலை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் வாசலில் பாயே வந்து நின்றார். மேசைமேல் அவருடைய பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. மறைக்க நேரமில்லை.

"வாங்க பாய்," என்றபடி என் கணவர் எழுந்து நின்றார்.

பாய் மேசையைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அது நாங்கள் செய்தது. அதன் மூடியும் கழன்றிருந்தது.

"கோவிச்சிக்காதீங்க. இதைத் தொறந்துட்டேன். உப்புக் காத்துல என்னுதுல செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்து செத்துப் போவுது. உங்களுது அப்படியே இருக்குது. பார்த்து செஞ்சிக்கலாம்னு தொறந்தேன். வீட்டுல, 'கேக்காம செஞ்சா அது ஹராம்'னு புடிச்சிக்கிட்டாங்க. அதான் கேக்கலாம்னு வந்தேன்."

என் தம்பிதான் முதலில் சிரித்தான். அடக்கி வைத்திருந்த மூச்சு எனக்கும் சிரிப்பாகவே வெளியே வந்தது. என் கணவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உப்புக் காற்று படாமலிருக்கக் காயிலை வார்னிஷில் ஊறவைத்து உலர்த்துவதை நான் பாயைப் பின்னறைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். இரைச்சலை வடிகட்ட எந்தக் கண்டென்சரை எங்கே போடவேண்டும் என்று அவர் தம்பி கையிலிருந்த பென்சிலை வாங்கித் தானே வரைந்து கொடுத்தார்.

அதன்பின் இரண்டு கடைப் பெட்டிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். யாருக்கு எது பக்கமோ அங்கே வாங்கினார்கள். எங்கள் வியாபாரம் பழையபடி திரும்பியது.

பாய் வந்துபோன அன்று மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். "அவரும்தான் தொறந்தாரு," என்று தம்பி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். "தொறந்தாரு, ஆனா கேட்டாரு," என்றபடி என் கணவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.