மொட்டைமாடியில் புகைந்த வான்கோழி

தயிர் கருகினால் எப்படி நாறும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கிறிஸ்துமஸ் காலையில் ஆவடி பக்கம் கோவில்பதாகையில் எங்கள் அப்பார்ட்மென்ட் முழுக்க அந்த நாற்றத்தைப் பரப்பியவனே நான்தான்...

நேற்று லாஃப்டிலிருந்து பழைய ஃப்ரையரை இறக்கினேன். தூசு தட்டும்போதே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை மக்களே!

அப்போது இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு அம்பத்தூரில் ஐடி வேலை. என் மனைவி ஷீபா நாகர்கோவில்காரி. கிறிஸ்துமஸ் என்றால் தெருவே வீட்டுக்குள் வந்து சாப்பிட்டுப் போகும் ஊரில் வளர்ந்தவள். இங்கேயோ எதிர் ஃபிளாட்காரர் பெயர்கூடத் தெரியாது. லிஃப்டில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அதோடு சரி.

டிசம்பர் பிறந்ததுமே சொல்லிவிட்டாள்.

"எனக்கு இங்க ஒட்டவே இல்லங்க. இந்தக் கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் நான் ஊருக்குப் போறேன். பழைய ஸ்கூல்ல டீச்சர் வேலைக்குத் திரும்பக் கூப்பிடுறாங்க. நீங்க லீவுக்கு வந்து போங்க."

சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவளோ அமைதியாகச் சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, அமெரிக்காவிலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்த நண்பன் ஒருவன் இந்த ஃப்ரையரைக் கொடுத்தான். எண்ணெயே வேண்டாமாம்! பார்க்க ஒரு டிரம் மாதிரி இருக்கும். கேஸில் அதன் சுவர் சூடாகி, நடுவில் கூடையில் உட்கார்ந்திருக்கும் முழு வான்கோழியை அந்தச் சூடே வேக வைத்துவிடும். திறந்த வெளியில்தான் சமைக்க வேண்டும். நம்ம ஊர் சிலிண்டருக்கு ஏற்ற ரெகுலேட்டரைக்கூட மெக்கானிக்கை வைத்து மாற்றியிருந்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய விருந்தாகப் போட்டால் அவள் மனசு மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டு, பட்டாபிராம் பக்கம் ஒரு பண்ணையில் சொல்லி வைத்து வான்கோழி வாங்கி வந்தேன். ஷீபா அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இத்தாம் பெருசு... இத யாரு திங்க? நம்ம ரெண்டு பேருமா?"

நான் யோசிக்காத ஒரே விஷயம் அதுதான். விருந்துக்கு எல்லாம் வாங்கியவன் விருந்தாளியை மறந்துவிட்டேன்.

அடுத்த கூத்து மசாலாவில். "காய்ந்த மசாலா மட்டும் தடவுடா" என்று நண்பன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நம்ம கை கேட்குமா? தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் குழைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அப்பினேன்.

சர்ச்சிலிருந்து வந்ததும் மாடியில் பற்ற வைத்தோம். கொஞ்ச நேரம் அருமையாகப் போனது. அப்புறம் தயிர் வழிந்து, அடியில் இருந்த தட்டில் சொட்டிக் கருக ஆரம்பித்தது... புகை! சாதாரணப் புகையா அது? ஆவடி ஸ்டேஷனில் நின்று பார்த்தால்கூடத் தெரிந்திருக்கும்!

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். முதலில் வந்தவர் தரைத்தளத்து தனசேகர் அண்ணன். அம்பத்தூர் பக்கம் பாடியில் ஒரு ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். கையில் பக்கெட் தண்ணீர். பின்னாலேயே அவர் மனைவி கஸ்தூரி அக்கா, அதற்கும் பின்னால் நாங்கள் முகம் மட்டுமே அறிந்த அத்தனை பேரும்.

"இன்னாபா, ஊட்டையே கொளுத்திக்கினு கீறியா?"

"இல்லண்ணே... வான்கோழி..."

"வான்கோழியா? இதுக்குள்ளயா கீது?" பக்கெட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "எண்ணெ எங்க?"

"எண்ணெயே வேணாம்ணே. சூட்டுலயே வெந்துடும்."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அக்கா அவருக்குப் பொரித்தது எதையும் கண்ணில் காட்டவில்லையாம். மெல்லத் திரும்பினார்.

"கேட்டியா கஸ்தூரி? எண்ணெ கெடையாதாம். டாக்டர் எண்ணெதான கூடாதுன்னாரு?"

"வான்கோழி துன்னுன்னும் சொல்லலியே!"

மாடியே சிரித்தது. பார்த்தால், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் என்று எண்ணெய்க்குத் தடை வாங்கியவர்கள். ஒருவரும் கீழே இறங்குகிற வழியாக இல்லை.

நான் புகையும் வான்கோழியோடு திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். ஷீபா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"கேஸ நிறுத்துங்க. கோழிய வெளிய எடுங்க."

தயிரைச் சுரண்டி எறிந்தாள். தட்டைக் கழுவினாள். அப்புறம் திரும்பி, "அக்கா, உங்க வீட்ல கொஞ்சம் மிளகு கிடைக்குமா?" என்றாள். அந்தக் கட்டடத்தில் அவள் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மிளகு வந்தது. கூடவே ஒரு வீட்டிலிருந்து எலுமிச்சம்பழம், இன்னொரு வீட்டிலிருந்து பாய், யார் வீட்டிலிருந்தோ வெங்காயப் பச்சடி, ஒரு குண்டான் நிறையச் சோறு... மிளகும் உப்பும் இடித்துத் தேய்த்து மறுபடி உள்ளே இறக்கினோம். இந்த முறை புகையே இல்லை. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பது போல எல்லோரும் டிரம்மைச் சுற்றி நின்றோம். தோல் சிவந்து மொறுமொறுவென்று கூடை மேலே வந்ததும் விசில் பறந்தது பாருங்கள்!

கஸ்தூரி அக்கா தன் கையாலேயே அண்ணனுக்கு ஒரு துண்டு வைத்தார். "ஒண்ணுதான்" என்று மிரட்டிவிட்டு, அவர் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து இன்னொன்றும் வைத்தார். கடைசியில் எலும்புதான் மிச்சம்.

ஷீபா அன்றைக்கு ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசவில்லை. ஜனவரியிலும் பேசவில்லை. எதற்கு வம்பென்று நானும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் கிறிஸ்துமஸுக்கு வாட்ஸ்அப் குரூப், சீரியல் லைட், கேட்டரிங் எல்லாம் உண்டு. கூட்டமும் அதிகம். ஆனால் அன்றைக்கு ஓடி வந்தவர்களில் பாதிப் பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். தனசேகர் அண்ணன் போன வருடம் தவறிவிட்டார். கூப்பிட்டு வருகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கட்டும், பதறி ஓடி வந்த அந்தக் கூட்டத்துக்கு ஈடாக மாட்டார்கள்.

போன வாரம் ஆபீஸில், விருப்பப்பட்டால் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஓடி வந்து ஷீபாவிடம் சொன்னேன்.

"நாகர்கோவிலுக்கே போயிடலாமா? உனக்கு ஆசைதானே?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கஸ்தூரி அக்காவைத் தனியா விட்டுட்டு நான் எங்கங்க வர?"

உடனே பண்ணைக்குப் போன் போட்டு, இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வான்கோழிக்குச் சொல்லிவிட்டேன்.